காது கிழிய ஒரு மிக்ஸ்: மாடி ஸ்டூடியோக்காரர்களுக்கு வட்டாரக் கையேடு

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு ஜோடி ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவு செய்கிற தம்பிமார் அத்தனை பேருக்கும் விமர்சகர் ஒருவர்தான். அவர் அண்ணாச்சி. அம்மன் பாட்டு ஆல்பத்துக்குக் காசு போடுகிறவர். பங்குனிப் பூக்குழிக்குக் காப்புக் கட்டுவதற்குள் பென்டிரைவ் கைக்கு வந்தாக வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்தவர். ராத்திரி பகலாகக் கண்விழித்து மிக்ஸ் பண்ணிக் கொடுத்ததை அரை நிமிடம் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, சவுண்டுதான் பத்தல" என்று சொல்லி டீ கிளாஸைக் கீழே வைப்பார்.

சுருதி விலகினால் திருத்திக்கொள்ள மென்பொருள் இருக்கிறது. தாளம் பிசகினால் இழுத்து நேராக்கிவிடலாம். சவுண்டு பத்தாததற்குத்தான் மருந்து தெரியாமல் நம் பிள்ளைகள் திண்டாடுகிறார்கள். அந்தக் குறையை இந்தக் கையேடு தீர்த்துவைக்கும். இதில் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தால் உங்கள் பாட்டு முதல் நொடியில் ஏறிய உச்சத்திலிருந்து கடைசி நொடிவரை இறங்கவே இறங்காது. கேட்கிறவர் நிலைமை என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், அதற்கு வேறு டாக்டர்.

முதலில் இந்த வட்டாரத்துக் காதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸும் அதைத் தொடர்ந்து வந்த மில்களும் இந்த ஊரைச் சங்குச் சத்தத்துக்கு எழுந்து சங்குச் சத்தத்துக்குப் படுக்கப் பழக்கின. பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிகள். தறி ஓடுகிற கூடத்துக்குள் 90 டெசிபெல் என்பது சர்வசாதாரணம். எட்டு மணி நேர ஷிப்டுக்கு நம் தொழிற்சாலை விதிகள் விட்டுக்கொடுக்கிற உச்சமும் அதே 90-தான். அங்கே ஒருவர் இன்னொருவரிடம் "சாப்பிட்டியா" என்று கேட்பது வெளியூர்க்காரருக்குச் சண்டை மாதிரித் தெரியும். வருடக்கணக்கில் இப்படி இரைச்சலில் நின்ற காது முதலில் பறிகொடுப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. மெய்யெழுத்துகளின் கூர்மையும் ஜால்ராவின் பளபளப்பும் அங்கேதான் இருக்கின்றன. பெரியவர் "வார்த்தை தெளிவா விழல, இன்னும் ஷார்ப்பா வையி" என்று சொல்வது அதனால்கூட இருக்கலாம். நீங்கள் அதையெல்லாம் யோசிக்க வேண்டாம். 4,000 ஹெர்ட்ஸில் ஒரு 6 டெசிபெல் தூக்கிவிடுங்கள். காது நன்றாக இருக்கிற மற்றவர்கள் பொத்திக்கொள்வார்கள், அவர்களுக்குத்தான் இரண்டு கை இருக்கிறதே.

அடுத்தது அறை. பத்துக்குப் பத்து அறையாகப் பார்த்துப் பிடியுங்கள். கூரையும் பத்தடி உயரமாக அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருக்கும் அறைக்கு ஒரு விசேஷம் உண்டு. பத்தடிச் சுவர்களுக்கிடையே சுமார் 56 ஹெர்ட்ஸ் ஓசை வந்தால் அது மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஊசலாடும். மூன்று திசையிலும் அதே அளவு என்பதால் மூன்று ஊசலும் ஒரே இடத்தில் சேர்ந்துகொள்ளும். மூலைக்குப் போனால் பேஸ் குமுறும். அறையின் நட்ட நடுவில் அந்த ஓசை ஏறக்குறைய செத்துப்போயிருக்கும். பேஸ் கிட்டாரின் 'ஏ' தந்தி 55 ஹெர்ட்ஸ் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே நாற்காலியை நட்ட நடுவில் போடுங்கள். பேஸ் கேட்காது. ஏற்றுங்கள். இன்னும் கேட்காது. இன்னும் ஏற்றுங்கள். அறைக் கதவுக்கு வெளியே நின்று துணி காயப்போடுகிற அம்மாவுக்கு அது நன்றாகக் கேட்கும். அவர் ஏதாவது சொன்னால், இசை அவருக்குப் புரியாது என்று சொல்லிவிடுங்கள்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது நம் மாநிலம் முழுக்க நடைமுறையில் இருக்கும் சடங்கு. அதை விட்டுவிடாதீர்கள். அது அடக்குவது உச்சத்தில் இருக்கும் கொஞ்சம் ஓசையை மட்டும்தான். பேஸ் அதை ஊடுருவிப் போய்விடும். நம் ஊருக்கென்று இன்னொரு வழியும் உண்டு, பேண்டேஜ் துணியைத் திரையாகத் தொங்கவிடுவது. அறை ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும், ஒலியிலும் முட்டை அட்டைக்கு அண்ணன் தம்பிதான். இங்கே ஒரு உண்மை வாய்தவறி வந்துவிடுகிறது. மில் கழிவுப் பஞ்சைச் சாக்கில் திணித்து, அறையின் நான்கு மூலையிலும் தரையிலிருந்து கூரைவரை அடுக்கினால் நூறு ஹெர்ட்ஸ் பக்கம் வரை குமுறல் உண்மையிலேயே அடங்கும். வெளியூர்க்காரன் இதற்காக ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கண்ணாடிக் கம்பளிப் பலகை வாங்குகிறான். நமக்கு இது தெருமுனையில் கிடைக்கிறது, அதனால்தான் யாரும் செய்வதில்லை. தீப்பிடிக்கிற சரக்கு என்பதும் நினைவிருக்கட்டும். சுவிட்ச் போர்டு பக்கத்தில் வைக்காதீர்கள், பீடி குடிக்கிற தபேலாக்காரரை வெளியே உட்கார வையுங்கள்.

வீட்டில் செய்தால் பெரிய ஸ்டூடியோ சவுண்டு வராது என்று யாராவது சொன்னால் ஏ.ஆர்.ரஹ்மானைக் காட்டி வாயை அடையுங்கள். கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி அவர் கட்டிய பஞ்சதன் ஸ்டூடியோவிலிருந்துதான் 1992-ல் 'ரோஜா' வந்தது. அதற்கு மேல் அந்தக் கதையைச் சொல்லாதீர்கள். எச்.ஸ்ரீதர் என்ற ஒலிப்பதிவாளர் பல வருடம் அவரோடு இருந்தார், எதைத் தூக்குவது என்பதைப் போலவே எதைத் தாழ்த்துவது என்பதிலும் அவருக்குக் காது இருந்தது என்பதெல்லாம் வந்தால் நம் வாதம் பலவீனமாகிவிடும்.

இனிப் பதிவு. தவில்காரரை வரச்சொல்லி மைக்கைத் தொப்பிப் பக்கம் ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். கெயின் குமிழைச் சிவப்பு விளக்கு எரியும்வரை திருகுங்கள். எரியாவிட்டால் இன்னும் திருகுங்கள். பழைய டேப் காலத்தில் கொஞ்சம் சிவப்புக்குப் போனால் ஓசை மெதுவாக மழுங்கும், அது ஒரு ருசி. டிஜிட்டலில் பூஜ்யத்துக்கு மேலே ஒன்றுமே கிடையாது, அலையின் தலை நறுக்கென்று வெட்டுப்படும். தவிலில் கழி தோலில் படுகிற அந்த முதல் கணம், இரண்டு மூன்று மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடுகிறது. வலந்தலையில் கூடு போட்ட விரல் விழுவதும் அப்படித்தான். நெஞ்சில் வந்து இடிப்பது அந்தக் கணம்தான். வெட்டுப்படுவதும் அதுதான். 24 பிட்டில் பதிவு செய்யும்போது உச்சி மைனஸ் 12-ஐத் தொட்டாலே போதும், இரைச்சல் தரை எங்கோ பாதாளத்தில் இருக்கும், கவலையே இல்லை என்று விவரம் தெரிந்த யாராவது சொல்வார்கள். மீட்டரில் பாதிதான் ஏறியிருக்கிறது என்று அண்ணாச்சி பார்த்துவிட்டால் உங்கள் மானம் என்ன ஆவது?

வில்லுப்பாட்டு என்றால் இன்னும் வசதி. வீசுகோல் படும்போது வில்லில் கட்டிய மணிகள் மேலே சிதறும், குடம் கீழே உறுமும், நடுவில் உடுக்கும் கட்டையும் ஆமாம் போடுகிறவர் குரலும். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கும் கச்சிதமான குழு அது. மைக்கை நாலடி தள்ளி வைத்து, குடத்துக்கு மட்டும் இன்னொன்று கொடுத்தால் பாதி மிக்ஸ் அங்கேயே முடிந்துவிடும். அப்படி முடிந்தால் நமக்கு என்ன வேலை? ஆளுக்கொரு மைக் கொடுங்கள். எட்டு மைக்கிலும் எல்லோரும் கேட்பார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நூல் தாமதமாக. எட்டையும் சேர்த்துக் கேட்டால் குடத்தின் அடி ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மெலிந்துபோகும். அதைச் சரிக்கட்ட ஒரு சினிமா கிக் டிரம் சாம்பிளைக் கீழே போட்டுக்கொள்ளலாம்.

பதிவின்போது வெளிச்சத்தம் வந்தால் பதறாதீர்கள், அதுவும் சவுண்டுதான். பொதிகை எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். நாய் விஷயத்தில் ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. நம் ஊர் வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை, அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருகிற குறை அது. அப்படி ஒன்று வளர்கிற வீட்டுக்கு அடுத்த மாடியாகப் பார்த்து வாடகைக்குப் பிடியுங்கள். உங்கள் மிக்ஸைப் பற்றிக் குறை சொல்லாத ஒரே ஜீவன் அதுவாகத்தான் இருக்கும்.

வாத்தியங்களை அடுக்கும்போது ஒரே விதிதான், எல்லாரும் எப்போதும் வாசிக்க வேண்டும். பல்லவியில் நாதஸ்வரம் சும்மா இருந்தால் காசு கொடுத்துக் கூப்பிட்டது வீணாகாதா? இங்கே உறவுமுறைச் சிக்கலும் இருக்கிறது. கீபோர்டு வாசித்தது உங்கள் மைத்துனர். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மாப்ள, ஸ்ட்ரிங்ஸ் கேக்கவே இல்ல" என்பார். ஏற்றுங்கள். பாடினவர் அண்ணாச்சியின் கொழுந்தியாள் மகள். "மாமா, என் வாய்ஸ் உள்ள போயிருச்சு" என்று போன் வரும். ஏற்றுங்கள். உடனே தவில்காரர், "தம்பி, நம்ம அடி விழலயே". அவர் வயதில் மூத்தவர், ஏற்றாமல் இருக்க முடியுமா? இப்படி ஒரு சுற்று முடிந்தால் எல்லாம் பழைய விகிதத்துக்கே வந்து சேர்ந்திருக்கும், மொத்தமும் மட்டும் சிவப்பில் நிற்கும். இரண்டாவது சுற்றைத் தொடங்குங்கள்.

ஒருவரைத் தாழ்த்தினாலே இன்னொருவர் எழும்புவார், கீபோர்டில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே தேவையே இல்லாததை வெட்டினால் தவிலின் தொப்பிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும் என்பது தொழில் தெரிந்தவர்கள் ரகசியம். ஆனால் வெட்டினேன் என்று மைத்துனரிடம் சொல்லிவிட்டுத் தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

இப்போது கம்ப்ரஸர். ஓசை ஓர் அளவைத் தாண்டினால் அதைத் தலையில் தட்டி அமுக்குகிற கருவி. ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வந்துவிட்டதால் இங்கே பாலைச் சுண்டக் காய்ச்சுவதை உவமையாகச் சொல்லியே ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். சொல்லப்போவதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தைக் கண்ட இடத்தில் இழுக்கக் கூடாது. நேரே வேலைக்கு வருவோம். கம்ப்ரஸரில் 'அட்டாக்' என்று ஒரு குமிழ் உண்டு. ஓசை வந்த பிறகு எத்தனை மில்லி செகண்ட் பொறுத்துப் பிடிக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. 30 என்று வைத்தால் கழி தோலில் படுகிற அந்த முதல் அடி தப்பித்து வெளியே வந்துவிடும்; அதற்குப் பின்னால் வருகிற முழக்கம்தான் அமுங்கும். அடி முன்னால் நிற்கும். நம் நோக்கம் அதுவல்ல. இருப்பதிலேயே வேகமான எண்ணை வையுங்கள். 'ரேஷியோ' குமிழைக் கடைசிவரை திருகுங்கள். அடி வெளியே தலைகாட்டுவதற்குள் அமுங்கிவிடும். தவில் பஞ்சு மெத்தையில் விழுந்த மாதிரிக் கேட்கும். "பஞ்ச் இல்லையே" என்று தோன்றும். உடனே இன்னொரு கம்ப்ரஸரை எடுத்து அதன்மேல் போடுங்கள், பிளகின் இலவசம்தானே.

கடைசியில் லிமிட்டர். கையேட்டின் கர்ப்பகிரகம் இதுதான், செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள். உள்ளே வருவதை எவ்வளவு தள்ளினாலும் வெளியே பூஜ்யத்தைத் தாண்டவிடாத காவல்காரன் இவன். 10 டெசிபெல் தள்ளுங்கள். திரையில் அலை மலையும் மடுவுமாக இருந்தது போய்ச் செங்கல் மாதிரி ஆகும். மேலும் கீழும் நேர்க்கோடு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வையுங்கள்.

உலக அளவில் இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. 2008-ல் மெட்டாலிக்கா குழு 'டெத் மேக்னெடிக்' ஆல்பத்தை இப்படித்தான் செங்கலாக்கி வெளியிட்டது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ கேமிலும் வந்தன. அதில் இவ்வளவு அமுக்கவில்லை. கேமில் கேட்டது நன்றாக இருக்கிறது, ஆல்பத்தைத் திரும்ப மிக்ஸ் செய்யுங்கள் என்று ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் மனுப்போட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனோ, என் கைக்கு வரும்போதே அது அப்படித்தான் வந்தது என்று ஒதுங்கிக்கொண்டார். நம்மூரில் என்றால் 'கங்குவா'. 2024 நவம்பரில் படம் வந்த முதல் காட்சியிலிருந்தே காது வலிக்கிறது என்று புகார். தியேட்டரில் வால்யூமை இரண்டு பாயின்ட் குறைக்கச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா அறிவித்தார். ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி இந்தச் சத்தப் போட்டியைப் பற்றி மனம் நொந்து எழுதினார். தியேட்டர் ஒலிக்கருவியில் 7 என்பதுதான் மிக்ஸ் செய்தவர் கேட்ட அளவு. அங்கிருந்து இரண்டு பாயின்ட் இறக்கினால் 6 டெசிபெல்லுக்கும் மேல் போய்விடும். பல மாதம் பாடுபட்டு ஏற்றியதை ஆபரேட்டர் ஒரு விரலால் இறக்கிவிட்டார்.

அந்த ஆபரேட்டர் இப்போது யூடியூபுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறார், சம்பளம் வாங்காமல். பாட்டின் சராசரி உரப்பை எல்.யு.எஃப்.எஸ். என்ற அலகில் அளந்து, மைனஸ் 14-ஐத் தாண்டினால் தாண்டிய அளவை அப்படியே இறக்கிவிடுவார். ஸ்பாட்டிஃபையும் அதே மைனஸ் 14-க்குத்தான் கொண்டுவருகிறது. கம்ப்யூட்டரில் யூடியூப் வீடியோமேல் வலது பொத்தானை அழுத்தி 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறந்து பாருங்கள். 'கன்டென்ட் லவுட்னஸ் 7.8 டெசிபெல்' என்று இருந்தால், பக்கத்திலேயே 41 சதவீதம் என்றும் இருக்கும். உங்கள் வால்யூமை நூற்றுக்கு நாற்பத்தொன்றாகத் தாழ்த்திவிட்டார் என்று பொருள். செங்கல் செங்கலாகவே இருக்கும், உயரம் மட்டும் பாதிக்கும் கீழே. அடுத்து ஓடுகிற, சும்மா மைனஸ் 14-ல் விட்ட பாட்டில் தவில் அடி அந்தச் செங்கலுக்கு மேலே தலை நீட்டி இடிக்கும். அண்ணாச்சி, "அந்தப் பாட்டப் பாரு, என்னமா சவுண்டு!" என்பார். நீங்கள் மறுபடி லிமிட்டரைத் தள்ளுங்கள். யூடியூப் மறுபடி இறக்கும். இந்த விளையாட்டில் அதற்குக் களைப்பே வராது.

பென்டிரைவில் இந்த நியாயம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே முந்தின பாட்டைவிடச் சத்தம் குறைந்தால் உங்கள் பாட்டு நோஞ்சான்தான். அதற்கு மைனஸ் 10 பக்கம் ஒரு தனிக் காப்பி போட்டுக் கொடுப்பது விவரமான பிள்ளைகள் வேலை. கையேட்டைப் படிக்கிற உங்களுக்கு அது அவசியமில்லை.

தவில்காரர்களிடமிருந்து மட்டும் எதையும் கற்றுக்கொண்டுவிடாதீர்கள், அவர்கள் சகவாசம் இந்தத் தொழிலுக்கு ஆகாது. கல்யாணத்தில் பாருங்கள். மணமேடையில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பார். நாதஸ்வரம் ஏதோ ஒரு ராகத்தை மெல்ல இழுத்துக்கொண்டிருக்கும். தவில்காரர் கழியைத் தொடைமேல் வைத்துவிட்டு யாருடனோ பேசிக்கொண்டிருப்பார். பந்தியில் இலை போடுகிற சத்தம்கூட மேடைவரை கேட்கும். தாலி மாப்பிள்ளை கைக்கு வந்ததும் ஒரு பெரியவர் விரலை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்பார். அவ்வளவுதான். பேச்சுக்கொடுத்துக் கொண்டிருந்த அதே ஆள் இரண்டு கையும் விழுகிற வேகத்தில் மண்டபத்தைத் தூக்கிவிடுவார். தூங்குகிற குழந்தை எழுந்து அழும். எங்காவது தும்மலோ அபசகுனப் பேச்சோ வந்தாலும் காதில் விழாது, அந்த ஏற்பாடே அதற்குத்தான். முப்பது நாற்பது நொடி. மூன்று முடிச்சு விழுந்ததும் ஓய்ந்துவிடும். ஆம்ப்ளிஃபையரும் இல்லை, லிமிட்டரும் இல்லை. அதற்கு முந்தின அரைமணி நேரம் அவர் தாழ்த்தி வாசித்ததுதான் அந்த இடி. ஒரு பாட்டிலும் இதைச் செய்யலாம். சரணம் முடிந்து பல்லவி திரும்பி வருவதற்கு முன் ஒரே ஒரு தட்டு அளவுக்கு எல்லாரையும் நிறுத்திப் பாருங்கள், அடுத்த அடி ஒரு டெசிபெல்கூட ஏற்றாமலேயே மார்பில் விழும். ஆனால் அந்த ஒரு தட்டு மௌனத்தைக் கேட்டதும் அண்ணாச்சி, "என்ன தம்பி, கரண்டு போயிருச்சா?" என்று கேட்பார் என்பதால் இந்த வழியை நான் சிபாரிசு செய்யவில்லை. நீங்கள் கெட்டிமேளத்தையே நிச்சயதார்த்தத்தில் தொடங்கி மறுவீடுவரை வாசியுங்கள்.

பாட்டு முடிந்தால் பரிசோதனை. மேல்நாட்டில் காரில் போட்டுக் கேட்பார்கள். நமக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் போகிற தனியார் பஸ் இருக்கிறது. டிரைவரைச் சினேகம் பிடித்துப் பென்டிரைவைக் கொடுத்துவிட்டுக் கடைசி சீட்டில் உட்காருங்கள். சீட்டுக்கு அடியில் சப்வூஃபர் பெட்டி, தலைக்கு மேலே ட்வீட்டர், நடுவில் ஒன்றுமில்லை. பாடகி குரல் இருக்க வேண்டிய இடம் அந்த நடுதான். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்து ஏற்றிய 56 ஹெர்ட்ஸ் இங்கே தன் வேலையைக் காட்டும். ஜன்னல் கண்ணாடிகள் தாளத்துக்குப் பல்லை நெறிக்கும். கூடையை அணைத்துக்கொண்டிருக்கும் பூக்கார அக்கா, "யய்யா, அதக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லு" என்பார். டிரைவர் குறைப்பார். கங்குவா, யூடியூப், பூக்கார அக்கா மூன்றுக்கும் நடைமுறை ஒன்றுதான்.

அதே நேரம் கண்டக்டர் ஒரு விசில் அடிப்பார். இன்ஜின், உங்கள் பாட்டு, பயணிகள் பேச்சு எல்லாவற்றையும் தாண்டி அது டிரைவர் காதில் போய் விழும். விரல் நீளத் தகரம், ஒரு மூச்சுக் காற்று, அவ்வளவுதான் மூலதனம். அது பிறக்கிற இடம் 2,000-க்கும் 4,000-க்கும் நடுவில். மனிதக் காது எங்கே ரொம்பக் கூர்மையோ அங்கே. எத்தனை வாட்ஸ் என்பதைவிட எங்கே போய் உட்காருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று தெரிந்த ஆள் அந்த பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர்தான். அவரை மிக்ஸுக்குக் கூப்பிடலாம், ஆனால் சில்லறை பாக்கி வைப்பார்.

ஊர்ப் பொங்கலுக்கு ரேடியோ செட்டுக்காரர் போடுகிறபோதுதான் உங்கள் பாட்டுக்கு நிஜமான அரங்கேற்றம். "நம்ம செட்டு ஐந்நூறு வாட்ஸ், இந்த வருசம் ஆயிரமாக்கிட்டோம்ல" என்பார். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் ஏறுவது 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ், ஐந்நூறு போய் ஐயாயிரம். இந்தக் கணக்கை அவரிடம் சொல்லாதீர்கள், நிஜமாகவே வாடகைக்கு எடுத்து வந்துவிடுவார். ஆம்ப்ளிஃபையரில் பேஸ் குமிழும் ட்ரெபிள் குமிழும் அவர் வீட்டில் பிறந்தது முதலே முழுசாகத் திருகித்தான் இருக்கின்றன. குழாய் ஸ்பீக்கரில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றுமே வராது. நீங்கள் ராத்திரி பகலாகச் செதுக்கிய பேஸ் அந்தக் குழாய்க்குள்ளேயே சமாதி.

சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. 2000-ஆம் வருடத்து ஒலிமாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று அரசு நள்ளிரவு 12 வரை விலக்குக் கொடுக்கலாம், அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் கிடையாது. 55 டெசிபெல் என்பது இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற சத்தம். பூக்குழி அன்று அந்த அளவில் அம்மன் பாட்டுப் போட்டால் அம்மனுக்கே கேட்காது என்பது ஊர்ப் பெரியவர்கள் கட்சி. போலீஸ்காரர் வந்து "சவுண்டைக் குறைங்க" என்று சொல்லும்போது ஒரு விமர்சகர் பாராட்டியதாக எடுத்துக்கொள்ளுங்கள், இத்தனை நாளில் "பத்தல" என்று சொல்லாத முதல் ஆள் அவர்.

கடைசியாகச் சரக்கைக் கொடுக்கிற முறை. ஒரே பாட்டை இரண்டு தரம் போட்டுக்காட்டி, இரண்டாவதை ஒரு டெசிபெல் ஏற்றி வைத்தால், கேட்கிறவருக்குச் சத்தம் கூடியதாகத் தெரியாது. மிக்ஸ் நன்றாக ஆகிவிட்டதாகத் தெரியும். சத்தம் ஏற ஏறக் காதுக்குப் பேஸும் ட்ரெபிளும் கூடுதலாக விழும் என்று 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து சொல்லிவிட்டார்கள். ஆகவே அண்ணாச்சியிடம் எப்போதும் முதலில் ஒரு டெசிபெல் குறைத்த காப்பியைக் கொண்டுபோங்கள். "சவுண்டு பத்தல" என்பார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ரெண்டு நாள் வேல இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்து இரண்டு நாளும் நன்றாகத் தூங்குங்கள். மூன்றாம் நாள் குறைக்காத பழைய காப்பியைக் கொடுங்கள். ஃபைலுக்கு 'ஃபைனல் லவுட் 3' என்று பெயர் வையுங்கள், இரண்டு என்று வைத்தால் வேலை கம்மியாகத் தெரியும். பென்டிரைவை அவர் கையில் வைப்பதற்கு முன் பாக்கிப் பணத்தை வாங்கிவிடுங்கள், ரீமிக்ஸுக்கு என்று தனியாக ஓர் ஐந்நூறு சேர்த்து. கொழுந்தியாள் மகள் பாடிய பாட்டு என்று தள்ளுபடி கேட்பார், கொடுக்காதீர்கள்.